காணாமல் போன சூப்பர்வைசர்

"ஆள் பார்க்க எப்படி இருப்பார்?"

"வெள்ளையும் கருப்புமா இருப்பான்."

"சட்டையைச் சொல்றீங்களா?"

"ஆளையேதான் சொல்றேன். மீசை நல்லா நீளம். ரெண்டு பக்கமும் விறைச்சுக்கிட்டு நிக்கும்."

"வேலையில எப்படி?"

"பகல் பூரா மூட்டை மேல ஏறிப் படுத்துத் தூங்குவான். யாராச்சும் எழுப்பினா முறைப்பான்."

"சூப்பர்வைசர்னா இவருதான் சூப்பர்வைசர்," என்றான் பக்கத்தில் நின்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவன். "போலி இல்லை மேடம். ஒரிஜினல்."

எழுதிக்கொண்டிருந்தவன் பெயர் ஜாஃபர் சாதிக். அய்யம்பேட்டைக்காரன். தஞ்சாவூர் மேல வீதியில் ஒரு தையற்கடைக்கு மேலே இயங்கும் துப்பறியும் நிலையத்தில் ஓட்டுநர், எழுத்தர், காவலாளி, எல்லாரையும் சந்தேகப்படுபவர் ஆகிய நான்கு பதவிகளையும் தனியாளாக வகித்துவந்தான். கேள்வி கேட்டவள் ஹம்சத்வனி, அந்த நிலையத்தின் முதலாளி. ராகத்தின் பெயரை வைத்த அப்பா, பெண் பாடுவாள் என்று நம்பினார். பாட்டு வரவில்லை. ஆனால் பேசுகிறவர் குரலில் எந்த இடத்தில் சுருதி தப்புகிறது என்பது மட்டும் அவளுக்குத் துல்லியமாகக் கேட்டது. அதை வைத்தே பிழைத்துவந்தாள்.

பதில் சொன்ன அம்மாளின் பெயர் மங்களாம்பிகை. கண்டியூரில் குடமுருட்டிக் கரையை ஒட்டி நிற்கும் அந்த அரிசி ஆலையில் பதினோரு வருஷமாகக் கிடங்குப் பொறுப்பு அவளுக்கு. கிடங்குக்கு ஒரே சாவி. அது அவள் இடுப்பில். அதுதான் இப்போது வினை.

ஏனென்றால் கிடங்கில் அறுநூறு மூட்டை மாப்பிள்ளைச் சம்பா அரிசி இருக்க வேண்டும். ஜாஃபர் எட்டிப் பார்த்தான். உள்ளே காற்று இருந்தது. சுவர் இருந்தது. சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ் இருந்தது. மூட்டைக்குப் பதில் மூட்டை இருந்த இடம் இருந்தது. பனி பெய்து முடிந்த ஏதோ ஒரு தூர தேசத்து ரயில் நிலையம் மாதிரி, அவ்வளவு பெருக்கித் துடைத்த வெறுமை.

"சூப்பர்வைசர் எப்போ வேலையை விட்டுப் போனாரு?" என்றாள் ஹம்சத்வனி.

"மூணு வாரம் ஆச்சுங்க. சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டான். சாப்பாடு சரியில்லைன்னு நினைக்கிறேன்."

"மூணு வாரமா திட்டம் போட்டிருக்கான் மேடம்," என்றான் ஜாஃபர், பென்சிலைக் கடித்தபடி.

வெளியே முற்றத்தில் அரிசி ஏற்ற வந்த ஒரு கன்டெய்னர் லாரி வாயைத் திறந்துகொண்டு நின்றது. அதன் நிழலில் இரண்டு பேர். ஒருவர் சந்தானகிருஷ்ணன், ஆலையின் முதலாளி. பதினைந்து வருஷம் சிங்கப்பூரில் இருந்துவிட்டு வந்து, இந்த ஆலையை வாங்கி, டென்மார்க் நாட்டுக் கம்பெனி ஒன்றோடு கூட்டுச் சேர்ந்திருந்தார். இன்னொருவர் அந்தக் கம்பெனியிலிருந்து வந்த மேலாளர். ஆறடி நான்கு அங்குலம். வெயிலில் வேகாத இடமே பாக்கி இல்லாமல் சிவந்திருந்தார். அவர் பெயர் யெப்பே.

அந்தப் பெயரால் ஆலையில் தினம் ஒரு கூத்து. கூலியாட்களுக்கு அது யப்பா என்றுதான் வாயில் வந்தது. மேலாளரை வெறும் யப்பா என்று எப்படிக் கூப்பிடுவது? யப்பா சார் என்றார்கள். அவரும் பழகிக்கொண்டார். அதில் வந்த சிக்கல், யாராவது பாரத்தை இறக்கிவைத்து, "யப்பா..." என்று மூச்சு விட்டால்கூட அவர் திரும்பி "ஓம்?" என்று கேட்பார்.

ஓம் வேறு ஒரு கதை. கோபன்ஹேகனில் அவர் வீட்டுக்குக் கீழே யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் மளிகைக் கடை வைத்திருந்தார். தமிழ்நாட்டோடு வியாபாரம் என்றதும் யெப்பே அவரிடம் போய் எட்டு மாதம் தமிழ் படித்தார். நன்றாகவே படித்தார். முதல் நாள் ஆலைக்கு வந்து எதைக் கேட்டாலும் ஆமாம் என்பதற்கு "ஓம், ஓம்" என்று தலையாட்ட, பக்திமான் என்று ஊருக்குள் பேராகிவிட்டது.

"வணக்கம்," என்றார் யெப்பே, ஹம்சத்வனியிடம். "நான் உங்களோட கொஞ்சம் கதைக்க வேணும்."

"கதையா?" என்றான் ஜாஃபர். "சார், இந்த வேகாத வெயில்ல..."

"பேசணும்னு சொல்றாரு," என்று பல்லைக் கடித்தார் சந்தானகிருஷ்ணன். "நானும் மொதல்ல ஒரு கதை சொல்லிட்டேன்."

விஷயத்தை யெப்பே நேராகச் சொன்னார். அவர் ஊர் வழக்கம் அது. "அறுநூறு மூட்டை. இண்டைக்குக் காலமை ஏழு மணிக்கு இருக்கு எண்டு தகவல். ஒன்பது மணிக்குத் திறந்தா ஒண்டும் இல்லை. திறப்பு அந்த அம்மாட்ட மட்டும். அஞ்சு மணி வரைக்கும் பார்ப்பன். பிறகு பொலிஸ்."

"திறப்புன்னா சாவி," என்று மொழிபெயர்த்தார் சந்தானகிருஷ்ணன்.

"ரெண்டு மணி நேரத்துல அறுநூறு மூட்டையா?" என்றான் ஜாஃபர். "அப்படித் தூக்குற ஆளுங்க யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க சார். அடுத்த மாசம் நான் வீடு மாத்தணும்."

ஹம்சத்வனி முதலாளியைப் பார்த்தாள். "ஏழு மணித் தகவல் யார் குடுத்தது?"

சந்தானகிருஷ்ணனுக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. அவர் மிகவும் பெருமைப்படும் ஏற்பாடு அது. "தினம் காலையில மங்களாம்பிகை போன்ல குரல் பதிவு அனுப்புவாங்க. அது நேரா கோபன்ஹேகன் போகும். அங்க கம்ப்யூட்டர் அதை இங்கிலீஷ்ல மாத்தும். அப்புறம் சார்ட் போட்டு, கலர் குடுத்து, எனக்கு அனுப்பும். ஏழே காலுக்கெல்லாம் என் கையில இருக்கும்."

"உங்க ஆபீஸ் எங்க இருக்கு?"

"இதோ."

"குடோன்?"

"அதோ."

ஜாஃபர் நடந்து பார்த்தான். இருபத்திரண்டு அடி.

"அப்போ அந்த இருபத்திரண்டு அடியைச் செய்தி டென்மார்க் வழியா வருது," என்றான். "நல்ல ரூட்டு சார். கும்பகோணம் டிராஃபிக் இருக்காது."

"இது நவீன நிர்வாகம்ப்பா," என்றார் சந்தானகிருஷ்ணன், காயப்பட்டவராக. "நம்ம குடோனுக்கு அவங்க விருதே குடுத்திருக்காங்க. சுவத்துல பாக்கலை? ஆடிப் பெருக்குக்கு முந்தின நாள் அறுநூறு மூட்டையை ஏத்தி அனுப்பினோம். பெருக்குக்கு மறுநாளே சார்ட்ல மறுபடி அறுநூறு! ஒரே நாள்ல நிரப்பிட்டோம். உலகத்துலயே வேகமான குடோன்னு சான்றிதழ் வந்திருக்கு."

"நீங்க எப்படி ஒரே நாள்ல நிரப்புனீங்க?"

"அதுதான் எனக்கும் ஆச்சரியம். மங்களாம்பிகை கெட்டிக்காரம்மா."

ஹம்சத்வனி ஒரு கணம் அவரையே பார்த்தாள். கிடங்கு வாசலில் நின்ற மங்களாம்பிகை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் தினமும் சொல்லிக்கிட்டுத்தானேங்க இருந்தேன்!" என்றாள். "ஒரு நாள் விடலையே! ராவும் பகலும் இதே கவலைதான். வேலை போனாப் போவுது. திருடின்னு பேரை வாங்கிக்கிட்டு எப்படிங்க தெருவுல நடப்பேன்?"

"பாத்தீங்களா?" என்று கிசுகிசுத்தார் சந்தானகிருஷ்ணன். "இப்பவும் இருந்துச்சுன்னுதான் சாதிக்கிறாங்க."

யெப்பே ஒரு காகிதத்தை நீட்டினார். ஆலையில் வேலை செய்கிறவர்களின் பட்டியல். கோபன்ஹேகனில் அச்சிட்டது. ஒரு பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம். சூப்பர்வைசர், எலி மற்றும் பூச்சித் தடுப்புப் பிரிவு. மூன்று வாரமாக வரவில்லை. விடுப்புக் கடிதம் இல்லை. "இந்த ஆள்தான் அம்மாக்குக் கூட்டு எண்டு எனக்குச் சந்தேகம்."

மணி இரண்டே கால். ஹம்சத்வனி மங்களாம்பிகையிடம் திரும்பினாள். "சூப்பர்வைசர் இப்போ எங்க இருப்பாரு?"

"எங்க போவான்? திருவையாத்துல அஜீஸ் பாய் மீன் கடையில கெடப்பான்."

ஜாஃபர் ஸ்கூட்டரை உதைத்தான்.

பாலத்தைத் தாண்டும்போது கீழே காவிரி இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. நாற்று நட்ட வயல்கள் மேகத்தை வாங்கிக் கிடந்தன. ஜாஃபரின் மனம் மீசையிலேயே இருந்தது. விறைத்த மீசை. பகலில் தூக்கம், இரவில் விழிப்பு. மீன் கடை அந்த ஆளுக்கு வெறும் போர்வை. உள்ளே ரகசிய அறை இருக்கும். மேசையில் உலக வரைபடம் இருக்கும். கடல்தாண்டி அரிசி கடத்துகிற கூட்டத்தின் தலைவன், கப்பல் தளபதி போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "உங்களுக்காகத்தான் காத்திருந்தேன்" என்பான்.

"மேடம், ஆள் கையில ஆயுதம் வெச்சிருந்தா?"

"நீ முன்னாடி போ."

"அதுக்குத்தான் கேட்டேன்."

அப்துல் அஜீஸ் கெண்டை மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தார். அவருக்கு ஜாஃபரின் அப்பாவையே தெரியும். "வாப்பா ஜாஃபர். உன் அத்தா சௌக்கியமா? என்ன வேணும், கெண்டையா, விறாலா?"

"மாமா," என்றான் ஜாஃபர், குரலைத் தாழ்த்தி. "சூப்பர்வைசர் எங்க?"

"அந்தச் சோம்பேறியா? இதோ, மேசைக்கு அடியில."

ஜாஃபர் ஒரு எட்டு பின்னால் போனான். ஹம்சத்வனி குனிந்து பார்த்தாள்.

மேசைக்கு அடியில் வெள்ளையும் கருப்புமாக ஒரு கடுவன் பூனை, மீன் தலை ஒன்றை இரு கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு, மீசை விறைக்க முறைத்தது.

ஜாஃபர் நோட்டைப் புரட்டினான். பூனை மீன் தலைக்குத் திரும்பியது.

"ஆள் வெள்ளையும் கருப்புமா இருப்பான்," என்று நோட்டைப் பார்த்து மெல்லப் படித்தான் ஜாஃபர். "மேடம், அடையாளம் எல்லாம் சரியா இருக்கு. கைது பண்ணிடலாமா?"

"பட்டியல்ல எலித் தடுப்புக்கு யார் பொறுப்புன்னு கேட்டிருப்பாங்க. அந்தம்மா உண்மையைச் சொல்லியிருக்காங்க," என்றாள் ஹம்சத்வனி. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். "பாய், இவன் இங்க எப்போ வந்தான்?"

"ஆடிப் பெருக்குக்கு மறுநாள் காலையிலம்மா. நல்லா நினைவிருக்கு. பெருக்கு அன்னைக்கு யாரும் மீன் வாங்க மாட்டாங்க, கடை அடைப்பு. மறுநாள் திறக்கிறேன், வாசல்ல உக்காந்திருக்கான். மாத்தலாகி வந்த ஆபீசர் மாதிரி. பெட்டி படுக்கைதான் இல்லை."

ஹம்சத்வனி எழுந்து கையைத் தட்டினாள். "ஜாஃபர், அரிசி இருந்தா எலி வரும். எலி வந்தா பூனை நிக்கும். பூனை கிளம்பிடுச்சுன்னா?"

"எலி கிளம்பிடுச்சு."

"எலி கிளம்பினா?"

"அரிசி கிளம்பிடுச்சு." ஜாஃபர் நிமிர்ந்தான். "அப்போ இன்னிக்கு ரெண்டு மணி நேரத்துல யாரும் தூக்கலை! பெருக்குக்கு முந்தின நாள் டென்மார்க்குக்கு ஏத்தினாங்களே, அதோட காலி. அதுக்கப்புறம் குடோன்ல ஒரு மணி அரிசி கிடையாது. திருட்டே நடக்கலை மேடம்! அம்மா தப்பிச்சாங்க!"

"மாட்டிக்கிட்டாங்க," என்றாள் ஹம்சத்வனி.

"ஏன்?"

"இருபத்திரண்டு நாளா காலிக் குடோன் வாசல்ல நின்னுக்கிட்டு, தினமும் நிறைஞ்சிருக்குன்னு அவங்க குரல்ல சொல்லியிருக்காங்க. திருடலைன்னா பொய். போலீஸ் ரெண்டுல எதை வேணும்னாலும் எழுதிக்கும்."

ஜாஃபர் ஜோக் எதுவும் அடிக்காமல் பூனையைச் சாக்குப் பையில் போட்டான். அது அவனுக்கு அபூர்வம். அந்த அம்மாள் முந்தானையால் முகம் துடைத்தது ஞாபகம் வந்தது. துப்புத் துலக்கப் போய் அவள் கழுத்துக்கே சுருக்குப் போட்டுக் கொண்டுவந்தது போல இருந்தது. திரும்பும் வழியில் ஸ்கூட்டரை மெதுவாகத்தான் ஓட்டினான். முன்பக்கம் காலடியில் சாக்குப் பைக்குள் சாட்சி கத்திக்கொண்டே வந்தது.

ஆலையில் மணி மூன்றரை. யெப்பே நிழலை மாற்றி உட்கார்ந்திருந்தார். சந்தானகிருஷ்ணன் டாப்லெட்டைத் தடவிக்கொண்டிருந்தார். மங்களாம்பிகை மட்டும் வேலையில் இருந்தாள். யார் வந்தாலும் டீ போடுகிற பழக்கம், கைது ஆகப்போகிற நாளிலும் அவளை விடவில்லை. நான்கு டம்ளரைக் கொண்டுவந்து வைத்தாள்.

"சக்கரை நிறைஞ்சிருக்குங்க. தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள்.

ஜாஃபர் ஒரு வாய் குடித்தான். முகம் வேப்பிலையைக் கடித்தது போல் ஆயிற்று.

"என்னம்மா இது! சக்கரை நிறைஞ்சிருக்குன்னா நிறையப் போட வேண்டியதுதானே? இதுல சக்கரை காட்டவே இல்லையே?"

மங்களாம்பிகை அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். புத்தி கொஞ்சம் மந்தமோ என்று யோசிப்பது போல. "அதான் தம்பி சொன்னேனே. நிறைஞ்சிருக்குன்னு."

ஹம்சத்வனியின் டம்ளர் வாய்க்குப் போகும் பாதி வழியில் நின்றது.

"அம்மா, அந்தப் போனைக் கொடுங்க."

குரல் பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். ஆடி மாதத் தொடக்கம். மங்களாம்பிகையின் குரல் கணீரென்று வந்தது. "மூட்டை அறுநூறு இருக்குங்க." அடுத்த நாள். "அறுநூறு இருக்குங்க." அப்புறம் பெருக்குக்கு மறுநாள். குரல் இறங்கியிருந்தது. "அரிசி நிறைஞ்சிருக்குங்க." அடுத்த வாரம். "சுத்தமா நிறைஞ்சிருக்குங்க. கொஞ்சம் பாருங்க." அதற்கடுத்த வாரம், ஏறக்குறைய அழுகை. "ஐயா, நிறைஞ்சு இத்தனை நாளாச்சு, யாரும் ஒண்ணும் பண்ண மாட்டேங்கிறீங்களே?"

ஒவ்வொரு பதிவுக்கும் கோபன்ஹேகனிலிருந்து ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வந்திருந்தது. கடைசிப் பதிவுக்கு மூன்று கட்டைவிரல்.

"இருந்த வரைக்கும் எண்ணிச் சொன்னாங்க," என்றாள் ஹம்சத்வனி. "அப்புறம் எண்ணிக்கை காணோம். குரல்ல உயிரும் காணோம். யெப்பே சார், இங்க வாங்க. எல்லாரும் வாங்க."

எல்லாரும் கிடங்குக்குள் போனார்கள். காலடிச் சத்தம் சுவரில் மோதித் திரும்பியது. ஹம்சத்வனி அந்த வெறுமையைக் கை நீட்டிக் காட்டினாள்.

"அம்மா. இப்போ இங்க அரிசி எப்படி இருக்கு? உங்க வீட்டுல சொல்ற மாதிரியே சொல்லுங்க."

மங்களாம்பிகை வெறும் தரையைப் பார்த்தாள். கண் கலங்கியது.

"நிறைஞ்சிருக்குங்க," என்றாள்.

"யப்பா!" என்றார் யெப்பே.

"ஓம்," என்றான் ஜாஃபர்.

ஹம்சத்வனி பொறுமையாகச் சொன்னாள். "இந்தப் பக்கத்துல கிளம்பறப்போ யாரும் போறேன்னு சொல்ல மாட்டாங்க, வரேன்னுதான் சொல்வாங்க. விளக்கு அணைஞ்சுதுன்னு சொல்ல மாட்டாங்க, மலையேறிடுச்சும்பாங்க. அதே மாதிரி அரிசி, உப்பு, சக்கரை எதுவும் இல்லைன்னு வாயால சொல்லக் கூடாது. சொன்னா வீட்டுல தங்காது. அதனால நிறைஞ்சிருக்கும்பாங்க. வீட்டுல இருக்கவங்க கேட்டதும் பையை எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போவாங்க. உங்க கம்ப்யூட்டர் கேட்டுட்டு, முழுசா நிறைஞ்சா அறுநூறுன்னு எழுதிடுச்சு."

"எங்க வீட்டுல இதெல்லாம் கிடையாது," என்று தன் மானத்தைக் காத்துக்கொண்டான் ஜாஃபர். "சக்கரை தீந்துட்டா எங்க உம்மா போடுற சத்தத்துல பாபநாசம் வரைக்கும் தெரியும்."

சந்தானகிருஷ்ணன் நெற்றியில் அறைந்துகொண்டார். "எங்க அம்மாவே இப்படித்தானே சொல்வாங்க! இங்கிலீஷ்ல படிச்சதும் எனக்கு உறைக்கலையே! சார்ட்ல நிறைஞ்சிருக்குன்னு பார்த்து, நெல்லு கொண்டுவந்த பக்கிரியை இடமில்லைன்னு ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டேனே!" போனை எடுத்தார். "பக்கிரி, நெல்லு இன்னும் இருக்கா? ஏத்திக்கிட்டு உடனே வாப்பா. கோபத்தை அப்புறம் பேசிக்கலாம்."

யெப்பேயின் மூளையில் ஏதோ மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. "அப்ப, உண்மையா நிறைஞ்சிருந்தா என்னெண்டு சொல்லுறது?"

"நிறைஞ்சிருக்குன்னுதான்," என்றாள் ஹம்சத்வனி.

"ரெண்டும் ஒண்டோ? எப்பிடி வித்தியாசம் தெரியும்?"

"சொல்றவங்க முகத்தைப் பார்க்கணும் சார். அதுக்கு இருபத்திரண்டு அடி நடக்கணும்."

யெப்பே ஆபீஸ் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு மங்களாம்பிகைக்கு முன்னால் போய், அந்த ஆறடி நான்கு அங்குலத்தையும் வளைத்துக் கும்பிட்டார். "அம்மா, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. பிழை எங்களில."

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் யெப்பேக்கு மேலே ஒருவர் இருந்தார். கோபன்ஹேகனில் அப்போது மதியச் சாப்பாட்டு நேரம். போன் திரையில் ஒரு தலைமை அதிகாரி அம்மையார், கறுப்பு ரொட்டியின் மேல் மீன் துண்டை வைத்துக் கடித்தபடி, எல்லாவற்றையும் கேட்டார். சாக்குப் பைக்குள்ளிருந்து சூப்பர்வைசர் ஒரு முறை கத்தியது. டேனிஷ் மொழியில் நீளமாக ஏதோ போனது, வந்தது. யெப்பேயின் காது இன்னும் சிவந்தது.

"என்ன சொல்றாங்க?" என்றான் ஜாஃபர். "ஊருக்கே கோபம்னு பேர் வெச்சிருக்காங்க, கேக்கவே பயமா இருக்கு."

"அவவுக்கு விளங்குது," என்றார் யெப்பே. "நம்புறா. ஆனா அறுநூறு மூட்டை காணேல்லை எண்டு காலமையே நான் பதிஞ்சிட்டன். படிவத்தில ரெண்டு பெட்டிதான். உண்டு, இல்லை. இருபத்திரண்டு நாள் இந்த அம்மான்ர குரலில நிறைஞ்சிருக்கு எண்டு இருக்கு. இப்ப அதே குரலில இல்லை எண்டு ஒரு பதிவு வேணுமாம். குடுத்தா வழக்கு இல்லை, அம்மா வேலையில நிப்பா. அஞ்சு மணிக்குள்ள வராட்டி, களவு எண்டுதான் போகும்."

"அவ்வளவுதானே!" என்றார் சந்தானகிருஷ்ணன். "மங்களாம்பிகை, அரிசி இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா. எல்லாம் முடிஞ்சுது."

மங்களாம்பிகை அவரை ஏறிட்டாள். அவ்வளவு நேரம் அழுதவள் அழுகையை நிறுத்தியிருந்தாள்.

"இந்தப் படிக்கு உள்ள நின்னா?"

"எங்க நின்னா என்ன?"

"பதினோரு வருஷமா இந்த வாயால அந்த வார்த்தையை இங்க சொன்னதில்லைங்க. நெல்லு இருக்கிற இடம். இந்தக் குடோனை நம்பி எத்தனை பேர் வீட்டுல உலை வைக்கிறாங்க. நான் இன்னிக்குச் சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் தங்காமப் போச்சுன்னா யாரு பதில் சொல்றது? அந்த ரொட்டி தின்கிற அம்மாவா?"

"காலின்னு சொல்லுங்க," என்றான் ஜாஃபர்.

"அது அதைவிட மோசம்."

"தீந்துடுச்சு?"

"ஐயோ, வாயைக் கழுவு தம்பி."

"வெளிய போய் நின்னு சொல்லுங்க?"

"குடோனைப் பத்திக் குடோனுக்குத் தெரியாமப் பேசுறதா? அது புறம் பேசுறது."

மணி நாலு ஐம்பது. ஹம்சத்வனி பக்கத்தில் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, அஞ்சு மணிக்கு உங்க மேல திருட்டுக் கேஸ் எழுதிடுவாங்க. நான் கண்டுபிடிச்சது எல்லாம் வீணாப் போயிடும். தெருவுல நடக்கணும்னு சொன்னீங்களே."

மங்களாம்பிகையின் உதடு அசைந்தது. மூச்சை இழுத்துக்கொண்டாள். யெப்பே போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார். திரையில் தலைமை அதிகாரி அம்மையார் ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் டிராக்டர் ஹாரன் கேட்டது. பக்கிரியின் முதல் வண்டி. நெல் மூட்டைகள் வேப்பமரக் கிளையை உரசிக்கொண்டு உள்ளே திரும்பின. மேலே உட்கார்ந்திருந்த பக்கிரி, "எங்கங்க இறக்கட்டும்? இப்பவாச்சும் இடம் இருக்கா?" என்று கத்தினான்.

மங்களாம்பிகை திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"லட்சுமி வாசல்ல வந்து நிக்கிறா," என்றாள் மெதுவாக. "இப்பப் போயா?"

மணி நாலு ஐம்பத்தேழு. ஜாஃபர் நோட்டை மூடினான். ஹம்சத்வனி அவள் கையை விடவில்லை. யெப்பே முழங்காலை மடக்கி, அவள் முகத்துக்குச் சரியாகத் தன் உயரத்தை இறக்கி, போனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார்.

"அம்மா, ஒருக்கா," என்றார். "ஒரேயொருக்கா இல்லை எண்டு சொல்லுங்கோ."